டி.சி. கேட்காதவர்கள்

ஜனவரி 6, திங்கள்

கிரைண்டர் சத்தம் மாறிவிட்டது. பெல்ட் போகப்போகிறது. சண்முகவேலிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நாள் முழுக்க லாரிக்குப் பாடி கட்டுகிற என் கணவருக்கு வீட்டிலிருக்கும் இயந்திரம் மட்டும் கண்ணில் படுவதில்லை.

இன்று ஆசிரியர் கூட்டம். தாளாளர் நல்லசிவம் வந்திருந்தார். வாசலில் தொங்கும் ‘பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி’ பேனர் வெயிலில் வெளுத்துவிட்டதாம். புதிது அடிக்க வேண்டுமாம். “அடுத்த வருசமும் நூறுதான் போடோணும். அதுக்கான வேலைய இப்பவே ஆரம்பிக்கோணும்” என்றார்.

வேலை என்னவென்று முதல்வர் ருக்மணி மேடம் விளக்கினார். ஒன்பதாம் வகுப்பில் தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அவர்களே டி.சி. கேட்டு வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட வேண்டும். பொதுத்தேர்வில் தோற்றாலும் அது அந்தப் பள்ளியின் தோல்வி, நம்முடையது இல்லை.

என் வகுப்பான ஒன்பது ஏ-வில் ஐந்து பேர். கோகிலவாணி, ஷாஜகான், விக்னேஷ்வரன், இன்னும் இருவர்.

“சோஷியல்ல அஞ்சு பேரும் பாஸ் மேடம்” என்றேன்.

“சோஷியல்ல யாருதான் ஃபெயில் ஆவாங்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

வெள்ளிக்கிழமை கடைசி மணி எனக்கு. குடிமையியல், பொருளியல், ஆளுமை வளர்ச்சி எல்லாவற்றையும் அந்த ஒரே மணிக்குள் அடைத்திருக்கிறார்கள். அடைத்தால் என்ன, கதவைச் சாத்திவிட்டால் அது என் ராஜ்யம்.

இன்று முட்டை விலையை எடுத்தேன். நாமக்கல்லில் பிறந்த பிள்ளைக்கு முட்டையை விட்டால் வேறு பொருளியல் ஏது? “புரட்டாசியில் ஏன் விலை இறங்குகிறது?” என்று கேட்டேன். ஷாஜகான் எழுந்தான். அவன் அப்பா முட்டை லோடு ஓட்டுகிறவர்.

“புரட்டாசில பாதி சனம் கவுச்சி திங்காது மிஸ். ஆனா கோழிக்குப் புரட்டாசின்னு தெரியுமா? அது பாட்டுக்குப் போட்டுக்கிட்டேதான இருக்கும்!”

வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று. தேவையும் அளிப்பும் முடிந்தது. நான் பலகையில் எழுத ஒன்றுமில்லை.

பிறகு ஆளுமை வளர்ச்சி. போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து ‘என்னால் முடியும்’ என்று பிள்ளைகளைக் கத்த வைத்துவிட்டுப் போனார். ‘மாட்டேன்’ என்று சொல்ல யாரும் இவர்களுக்குக் கற்றுத்தருவதில்லை. இன்று அதைத்தான் செய்தோம். இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். ஒருவர் பெரிய மனிதர், செய்யக்கூடாத ஒன்றைச் செய்யச் சொல்வார். மற்றவர் மாட்டேன் என்று சொல்ல வேண்டும். கத்தக்கூடாது, அழக்கூடாது, பொய்ச் சாக்கு கூடாது. முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காரணத்தை ஒரே வரியில் சொல்லி, நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கோகிலவாணிக்கு முதலில் குரலே வரவில்லை. பிறகு வந்தது. வந்ததும் அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிறைமதிக்கு ஜோடி கிடைக்காததால் நானே பெரிய மனிதர் ஆனேன். அவள் என் மகள்தான், ஆனால் வகுப்பில் நான் அவளுக்கு மிஸ். எங்களுக்குள் அப்படியொரு ஒப்பந்தம். “மாட்டேன் மிஸ். எல்லாரும் என்னையே கேக்கறீங்க” என்றாள். குரல் அப்படியே நின்றது. வகுப்பு கைதட்டியது. நன்றாக நடிக்கிறாள்.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கல் விடுமுறை முடிந்தது. கரும்புச் சக்கையை அள்ளிக் கொட்டி, மூன்று வாளி துணி துவைத்தேன். நிறைமதி சரியாகச் சாப்பிடுவதில்லை. மதியம் திடீரென்று, “அம்மா, உனக்கு வேலை போச்சுன்னா என்ன பண்ணுவ?” என்றாள்.

“முட்டைக்கடை வெப்பேன். புரட்டாசில லீவு விடுவேன்.”

சிரிக்கவில்லை. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பரீட்சை பயம் கொஞ்சம் அதிகம்தான்.

ஜனவரி 21, செவ்வாய்

ஐந்து பேர் வீட்டுக்கும் நானே போன் செய்து பேச வேண்டும் என்றார் ருக்மணி மேடம். வகுப்பாசிரியர் சொன்னால்தான் பெற்றோர் நம்புவார்களாம்.

“மாட்டேன் மேடம். அவங்களைப் படிக்க வெக்கத்தான் எனக்குச் சம்பளம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க பொண்ணும் இங்கதான் படிக்குது. அதை மறந்துராதீங்க தமயந்தி.”

“அவ அவ மார்க்குல படிக்கறா மேடம்.”

படியிறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுப் பாட வேண்டும் போலிருந்தது. பாடவில்லை, எட்டாம் வகுப்பில் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

மாலை தெரிந்தது: முதல்வரே போன் செய்திருக்கிறார். விக்னேஷ்வரனின் அப்பா வந்து, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டு, டி.சி.யை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பையனின் வாட்டர் பாட்டில் ஜன்னலோரம் இருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

மௌனிகா எழுந்தாள். பெயருக்கும் அவளுக்கும் சம்பந்தமே கிடையாது. “மிஸ், விக்கியை ஏன் அனுப்பினாங்க?”

“அவன் அப்பா டி.சி. கேட்டாரு, குடுத்தாங்க” என்றேன்.

“கேக்கலைன்னா?”

“பெற்றோர் கேக்காம சும்மா குடுத்து அனுப்ப முடியாது.”

“சரி மிஸ், கிளாஸ்ல எல்லாரும் ஓட்டுப் போட்டு ஒருத்தரை வெளிய அனுப்பலாமா? மெஜாரிட்டிதான?”

“ஓட்டுப் போட்டு லீடரை மாத்தலாம். ஒருத்தன் உக்கார்ற பெஞ்சை எடுக்க முடியாது. மெஜாரிட்டி எவ்வளவு பெரிசா இருந்தாலும் தொட முடியாதது சிலது இருக்கு. அதுக்குப் பேருதான் உரிமை.”

கோகிலவாணி அதை எழுதிக்கொண்டாள். தேர்வுக்கு வராது என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

நான் யாரையும் தூண்டிவிடவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

ஜனவரி 27, திங்கள்

காலை வழிபாடு முடிந்ததும் மீதி நான்கு பேரையும் பழைய லேபில் போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். பாடம் கிடையாது. ஆளுக்கு ஒரு கட்டு வினாத்தாளைக் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தது. மனம் வெறுத்து அவர்களே வீட்டில் டி.சி. கேட்கச் சொல்லட்டும் என்ற ஏற்பாடு.

நான் பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தம்.

“மிஸ், நாங்களும் லேபுக்குப் போய் உக்காந்துக்கறோம்” என்றாள் மௌனிகா.

“பாடம் நடத்தணுமே.”

“அங்க வந்து நடத்துங்க மிஸ்.”

அவளுக்குப் பின்னால் முதல் வரிசை, அடுத்து ஜன்னலோரப் பையன்கள். கணக்கில் நூறு எடுக்கிறவர்கள், கபடிக்காரர்கள், ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள், எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சத்தமே இல்லை. இதே பிள்ளைகளை வரிசையாக நடக்க வைக்க நான் ஆறு மாதம் பாடுபட்டிருக்கிறேன்.

வகுப்பில் நிறைமதி மட்டும் இருந்தாள். முதல் பெஞ்சில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை.

அவளுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அது அவள் உரிமை. அதைத்தானே நானும் சொல்லிக்கொடுக்கிறேன்.

லேபில் ஆசிட் வாடை. உடைந்த ஸ்டூல்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். கரும்பலகை இல்லாததால் அலமாரிக் கதவில் எழுதிப் பாடம் நடத்தினேன். எழுத்து எனக்கே தெரியாத அளவுக்குக் கண் எரிந்தது. ஆசிட் வாடைதான்.

ஜனவரி 28, செவ்வாய்

தாளாளரே லேபுக்கு வந்துவிட்டார். “இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?”

மௌனிகா எழுந்து, “புக்குல இருக்குங்க சார்.”

“எந்தப் புக்குல?”

“நீங்க வாங்கச் சொன்ன புக்குலதானுங்க சார்.”

கடைசியில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். தாளாளர் காது சிவந்தது. என் பக்கம் திரும்பினார். “மிஸ், நாலு பேரை விட்டுட்டு மத்த புள்ளைங்களைக் கூட்டிட்டுக் கிளாசுக்குப் போங்க.”

“மாட்டேனுங்க சார். நாப்பத்தி மூணு பேரும் ஒரே கிளாஸ்.”

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். காரணம் ஒரே வரிதான். நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 30, வியாழன்

பெல்ட் மாற்றியாயிற்று. நிறைமதி இன்றும் அந்த வகுப்பில் தனியாகத்தான் இருந்தாள்.

பிப்ரவரி 1, சனி

கூட்டத்துக்கு எல்லாப் பெற்றோரும் வந்துவிட்டார்கள். தாளாளர் நன்றாகவே பேசினார். ஒரு பழம் கெட்டால் கூடையே கெடும் என்றார். “நீங்களே முடிவு பண்ணுங்க. உங்க புள்ளைங்க எதிர்காலம்” என்று உட்கார்ந்தார்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். “யாரோ நாலு பேருக்காவ எம்பட பையன் தரையில உக்காந்து படிக்கோணுங்களா?” பலத்த கைதட்டல். அவர் மகன் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தலையில் அடித்துக்கொண்டான்.

அப்போது கோகிலவாணியின் அம்மா அங்கம்மாள் எழுந்தார். கோழிப்பண்ணை வேலைக்குப் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“எம்பட புள்ள கணக்குல மக்குதானுங்க. நானும் மக்குதான். அதுக்குத்தானுங்களே பள்ளிக்கூடத்துல உட்டேன்? எல்லாந் தெரிஞ்ச புள்ளைங்களை மட்டும் வெச்சுக்கறதுன்னா பள்ளிக்கூடம் எதுக்குங்க? அதுங்க ஊட்லயே படிச்சுக்காதா?”

தாளாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அங்கம்மாள் நிறுத்தவில்லை.

“கூடையில கெட்ட பழம்னீங்க. எம்பட புள்ள பழமில்லீங்க சாமி. டி.சி. வேணும்னு நான் கேக்கலீங்க. கேக்கவும் மாட்டேன்.”

உட்கார்ந்தார். உடனே ஷாஜகானின் அப்பா எழுந்து, “நானும் கேக்கலீங்க” என்றார். மற்ற இரண்டு வீட்டாரும் எழுந்தார்கள். கைதட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் தாளாளர் மைக்கைத் திரும்ப வாங்கினார். “தமயந்தி மிஸ் இவ்வளவு பேசறாங்க. அவங்க சொந்தப் பொண்ணே அவங்க கூடப் போகலை. கிளாஸ்ல தனியா உக்காந்து படிக்குது. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “அவளுக்குன்னு ஒரு புத்தி இருக்குங்க சார். அதுலயும் எனக்குப் பெருமைதான்” என்றேன்.

நல்ல பதில் என்று குணசேகரன் சார் சொன்னார். கணக்கு ஆசிரியர், லேசில் யாரையும் மெச்சமாட்டார். நல்ல பதில்தான். வீட்டுக்கு வந்ததும் தலைவலி. சமைக்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் துணி துவைக்கும் கல்லில் அவளுடைய யூனிபாரத்தை அடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் ஓங்கித்தான் அடித்தேன் போல. நிறைமதி வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, அந்தச் சட்டை என்ன பண்ணுச்சு?”

சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடி அடித்தேன்.

“ருக்மணி மேடம் தினமும் என்னைக் கூப்பிடறாங்கம்மா. உங்க டீச்சர்ஸ் மீட்டிங் நடந்த அன்னையிலிருந்து.”

கை நின்றது.

“‘அஞ்சு பேர் விஷயத்துல ஒத்துக்கச் சொல்லி உங்கம்மாகிட்டச் சொல்லு, நீ சொன்னா கேப்பாங்க’ன்னாங்க. நான் சொல்லல. அப்புறம் நாலு பேரையும் லேபுக்கு அனுப்பின அன்னைக்குக் காலையிலயே, ‘யாரு அவங்க கூடப் போனாலும் சரி, நீயும் போனீன்னா அன்னைக்கே உங்கம்மாவுக்குக் கடைசி நாள். உங்கம்மா வேலை உன் கையிலதான் இருக்கு’ன்னாங்க. அதான் போகல.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீ நேரா போய்ச் சண்டை போடுவ. அன்னைக்கே வேலை போயிருக்கும். அந்த நாலு பேருக்கும் யாரு இருப்பா?” சொல்லிக்கொண்டே அழுதாள். “எல்லாரும் என்னைக் கருங்காலின்னு பாக்கறாங்கம்மா. நீயுந்தான் பாத்த.”

நான் இல்லை என்று சொல்லப் போனேன். சொல்ல முடியவில்லை. வாசலில் திரும்பிப் பார்த்தேனே, அந்தப் பார்வை அவள் குனிந்திருந்தபோதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நுரைக் கையோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். இருவரும் நனைந்தோம். நாற்பது பிள்ளைகளுக்கு மாட்டேன் என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அவள் அந்த வெள்ளிக்கிழமை என் முகத்தைப் பார்த்தே சொன்னதை நடிப்பென்று எழுதி வைத்திருக்கிறேன்.

சண்முகவேல் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். “ரெண்டு பேரும் துணிய மாத்துங்க, சளி புடிக்கும்” என்றார். உள்ளே போனவர் திரும்பி வந்தார். “வேலை போனாப் போகுது. புள்ளைய இனி தனியா உக்கார வெக்காத.”

பிப்ரவரி 3, திங்கள்

நான் முதல்வர் அறைக்குப் போகத்தான் கிளம்பினேன். “நீ வராத, எங்கிட்டத்தான பேசினாங்க” என்று நிறைமதி என்னைத் தாழ்வாரத்திலேயே நிறுத்திவிட்டாள். கதவு திறந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“மேடம், நான் லேபுக்குப் போறேன். எங்கம்மா வேலையைப் பத்தி எங்கம்மாகிட்டப் பேசுங்க. எங்கிட்டப் பேசாதீங்க.”

“நிறைமதி, உன் நல்லதுக்கு...”

“தேங்க்யூ மேடம்.”

லேப் வாசலில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. கோகிலவாணி மட்டும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்தாள். “இங்க உக்காரு. கால் மரத்துப்போகும், சம்மணம் போடாத.”

மதியம் பியூன் வந்து, எல்லோரும் வகுப்புக்குத் திரும்பலாம் என்றார். “நாலு பேருமா?” என்று மௌனிகா கேட்டாள். “எல்லாரும்னா எல்லாருந்தான் பாப்பா.” முதல் ரேங்க்கும் தரையில் உட்கார்ந்த பிறகு அவர்களுக்கு வேறு வழி தோன்றவில்லை போலும். ‘தற்போதைக்கு’ என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வார்த்தையை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிறைமதி நான்கு பேருக்கும் கணக்கு சொல்லித்தருகிறாள். ஷாஜகான் பதிலுக்கு அவளுக்கு விசிலடிக்கச் சொல்லித்தருகிறான். வீட்டில் காது கிழிகிறது.

விக்னேஷ்வரனுக்குப் போன் செய்தேன். ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்துவிட்டான். “நல்லாத்தான் இருக்குங்க மிஸ்” என்றான். பிறகு, “நாலு பேரையும் உள்ள விட்டுட்டாங்களாமே? எங்கப்பா இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருக்கலாம்ல மிஸ்?”

முதல் ஆளாக அவன் போனபோது நான் முதல்வரிடம் ஜெயித்துவிட்ட குஷியில் படியிறங்கிக்கொண்டிருந்தேன். நாளை சனிக்கிழமை, அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

நான்கு பேரும் பாஸ். கோகிலவாணி கணக்கில் முப்பத்தைந்து. குணசேகரன் சாரைப் பார்த்தேன். “நான் போட்டதில்லீங்க மிஸ். அவளா எடுத்தது. ரெண்டு தடவை கூட்டிப் பாத்துட்டேன்” என்றார், கொஞ்சம் கோபமாகவே.

மாலை தாளாளர் அறை. ஏசி, டீ, பிஸ்கட் எல்லாம் தந்தார்கள்.

“ராஜினாமா எழுதிக் குடுத்துருங்க மிஸ். நல்லபடியா சர்டிபிகேட் தர்றோம். பாப்பா இங்கயே படிக்கட்டும், ஃபீஸ் கெடையாது.”

“எனக்குப் போகோணும்னு இல்லீங்களே சார்.”

“உங்களுக்கே சங்கடமா இருக்குமேன்னு...”

“இல்லீங்க. நீங்க அனுப்பறதுன்னா அனுப்புங்க. என்ன காரணம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“என்ன காரணம்னு எழுதறது?” என்றார். ருக்மணி மேடத்தைப் பார்த்தார். மேடம் பிஸ்கட்டைப் பார்த்தார்.

“அதுதான் எனக்கும் தெரியலீங்க சார்.” டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏலக்காய் போட்ட டீ.

வீட்டில் நிறைமதியிடம், வேண்டுமானால் அவளை வேறு பள்ளியில் சேர்க்கிறேன் என்றேன். “நாம ஏம்மா போகோணும்?” என்று விசிலடித்துக்கொண்டே மாடிக்குப் போனாள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. எந்தக் காகிதமும் எனக்கு வரவில்லை, அதனால் போனேன். நானும் நிறைமதியும் ஒரே வண்டியில் போனோம்.

ஆசிரியர் அறையில் என் நாற்காலியில் புதிய பெண் ஒருத்தி. இருபத்து மூன்று வயதிருக்கும். கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். “நீங்க என்ன சப்ஜெக்ட் மேடம்?” என்றாள்.

“சோஷியல்.”

“நானுந்தான். பத்தாவது ஏ குடுத்திருக்காங்க.” முகத்தில் பயம்.

ஆக, பத்தாம் வகுப்பு போயிற்று. அந்த நாற்பத்து மூன்று பேரோடு இந்த வருடத்தையும் முடித்துவிடலாம் என்று கோடை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நல்ல பிள்ளைங்க. கேள்வி கேப்பாங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, ஒண்ணும் நினைக்கமாட்டாங்க” என்றேன். அவள் கை கொஞ்சம் தளர்ந்தது.

ருக்மணி மேடம் என்னைப் பார்க்காமல் கால அட்டவணையை நீட்டினார். ஆறாம் வகுப்பு ஏ, பி, சி. வேறொன்றும் இல்லை. “உங்க அனுபவத்துக்குச் சின்னப் புள்ளைங்கதான் சரியா இருக்கும்னு சார் ஃபீல் பண்றார்.” தண்டனை என்று எல்லோருக்கும் புரியட்டும் என்பதற்காகச் சற்று உரக்கவே சொன்னார்.

ஆறு ஏ தரைத்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். உள்ளே நுழைந்தேன். தோளைத் தாண்டி நிற்கும் புதுச் சட்டைகள், கால் தரையில் எட்டாத பிள்ளைகள். ஒரு பொடிசு கையைத் தூக்கிக்கொண்டே இருந்தது. என்ன என்றேன். “மிஸ், பெரிய பசங்களுக்கு மட்டும் ஃபேன் ஓடுது. எங்களுக்கு ஏன் ஓடல?”

“நல்ல கேள்வி. உக்காரு, இதை எப்படிக் கேக்கறதுன்னு பாப்போம்” என்று சாக்பீஸை எடுத்தேன்.

பத்தாம் வகுப்பு என்றால் எனக்கு ஒரே வருடம்தான் கிடைத்திருக்கும். இவர்கள் பிளஸ் டூ முடிக்க இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. தாளாளருக்கு அது தோன்றவில்லை போலிருக்கிறது. நானாகச் சொல்லப்போவதில்லை.